என் அக்காவுக்கு நான் சொன்ன பொய்

காப்பகத்திலிருந்து போன் வந்தபோது நான் கம்பெனியில் பேக்கிங் பெல்ட் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். போன வருஷம், ஈஸ்டர் முடிந்த அடுத்த வாரம். "எல்லாரையும் பெரிய ஹால்ல ஒண்ணா வெச்சிருக்கிறத நிறுத்தப் போறோம். நாலு நாலு பேரா தெருவுல இருக்கிற சாதாரண வீடுங்களுக்கு மாத்தறோம். உங்க அக்கா சுகந்திக்கு கும்மிடிப்பூண்டியிலயே வீடு பாத்திருக்கோம், உங்களுக்கும் பக்கம்தானே" என்றார் போனில் பேசிய அம்மா. அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குக் கை கால் ஓடவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். இந்தச் சபையில் பதினாறு வருஷமாக உங்களோடு உட்கார்ந்து ஆராதிக்கிறேன். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை என்றுதான் உங்களிடம் சொல்லி வைத்திருந்தேன். என் பிள்ளைகளிடமும் அதே கதைதான். என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். சபை முன்னால் நின்று பத்துக் கட்டளையைத் தப்பில்லாமல் ஒப்பிக்கிற ஜெயசீலி இவ்வளவு பெரிய பொய்யைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

என் அக்கா சுகந்திக்குப் பிறந்ததிலிருந்தே அறிவு வளர்ச்சி குறைவு. ஊரில் அவளுக்கு வேறு பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள். அதை நான் இங்கே எழுத மாட்டேன். அப்பா போன பிறகு அம்மா நடவுக்கும் களை எடுப்புக்கும் போய்த்தான் எங்களைக் காப்பாற்றினாள். அக்காவைத் தனியாக விட முடியாது, ரோடு பார்த்தால் ஓடிவிடுவாள். எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும், இனி அக்காவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அம்மா பயந்துபோனாள். கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது அவளைத் திருவள்ளூரைத் தாண்டி இருந்த அந்தக் காப்பகத்தில் சேர்த்தோம். இருபத்திரண்டு வருஷம் அங்கேயே இருந்தாள். அம்மா இறந்த பிறகு வருஷத்துக்கு மூன்று தடவை நான் போய்ப் பார்ப்பேன். ஒரு ஹாலில் நாற்பது கட்டில். எல்லாருக்கும் ஒரே மாதிரி நைட்டி. கோபமாக ஒரு வார்த்தை பேசமாட்டாள், சும்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் நல்லா இருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

இப்போது அவள் என் தெருவிலிருந்து பத்து நிமிஷ நடையில் குடிவரப் போகிறாள். மார்க்கெட்டில் பார்ப்பார்கள், கேட்பார்கள். நான் ஜெபம் செய்தேன். என்ன ஜெபம் தெரியுமா? "ஆண்டவரே, அந்த வீட்டு ஓனர் மனசை மாத்தும், வீடு தராம இருக்கட்டும்." இப்படியும் ஒருத்தி ஜெபிப்பாளா என்று சிரிக்காதீர்கள். மூன்று நாள் உபவாசம் போட்டு ஜெபித்தேன். ஓனர் மனசு மாறவில்லை. ஜூன் மாசம் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் நான்கு பெண்களும் குடிவந்தார்கள். பார்த்துக்கொள்ள எளாவூரிலிருந்து தேவகி என்ற பெண் வந்தாள். வாயாடி, ஆனால் தங்கமான மனசு. முதல் இரண்டு வாரம் நான் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

தேவகிதான் போன் செய்தாள். "இன்னாக்கா, கூடப் பொறந்த அக்காவ வந்து பாக்க மாட்டியா? பேஜாரா கீது. ஊட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் சுகந்திக்கா நல்லாதான் கீறாங்க. நாஷ்டாக்கு தட்டு எடுத்து வெக்கிறாங்க, துணி மடிக்கிறாங்க. வெளிய இட்டுக்கினு போனா திரும்பி வரவே மாட்டேங்கிறாங்க. நேத்து நடு ரோட்டுல உக்காந்துகினு தலையில அடிச்சுக்கிறாங்க. கம்பெனி வேன் சடார்னு பிரேக் போட்டான், உயிரே போய்டுச்சு எனக்கு."

போனேன். அக்கா நெற்றியில் காயத்தோடு சுவரோரம் படுத்திருந்தாள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குள் காப்பகத்து ஆட்களும் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இன்னும் பத்து நாள் பார்ப்பார்களாம். அதற்குள் மாறவில்லை என்றால், அவள் ரோட்டில் இப்படி உட்கார்ந்தால் உயிருக்கே ஆபத்து, சுவருக்குள் இருந்து பழகியவள், வெளி வாழ்க்கை இவளுக்கு ஒத்துவரவில்லை என்று எழுதி, தெற்கே எங்கோ இருக்கிற வேறொரு பெரிய காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். அந்த ஊர்ப் பெயரே எனக்குப் புதுசு.

நான் கேட்டதுதான் நடக்கப் போகிறது. அவள் என் கண்ணில் படாத தூரத்துக்குப் போகப் போகிறாள். ஆனால் அந்தக் காயத்தைப் பார்த்ததும் வெட்கமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. இவளை இன்னொரு ஹாலில், இன்னொரு கட்டிலில் கொண்டுபோய்ப் போடக்கூடாது. அது மட்டும்தான் மனசில் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நான் எழுந்து நின்றது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். "எனக்கு ஒரு அக்கா இருக்காங்க" என்று சொன்னதோடு அழ ஆரம்பித்துவிட்டேன். மீதியைப் பாஸ்டரம்மாதான் என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். நீங்கள் என்னை ஏசுவீர்கள் என்று நினைத்தேன். யாரும் ஏசவில்லை. எல்லாரும் சுகந்தி, சுகந்தி என்று பெயர் சொல்லி ஜெபித்தீர்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பெயரை நான்கு பேர் முன்னால் கேட்டது அன்றைக்குத்தான். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "ஆண்டவரே, அவளுக்கு என்ன பயம்னு எனக்குக் காட்டும். நீர் காட்டினா நான் செய்வேன்."

மறுநாள் சனிக்கிழமை எனக்கு வார லீவு. சாயந்திரம் போனேன். அக்கா அன்று கொஞ்சம் தேறியிருந்தாள். தேவகியையும் சேர்த்து நாங்கள் மூன்று பேரும் தெருமுனைக் கடை வரைக்கும் நடந்தோம். அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். கடையில் தொங்கின பிஸ்கட் பாக்கெட்டை எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கடைக்காரர் அவளிடம் பேர் கேட்டார், தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. பிறகு தேவகி அவள் தோளில் கைவைத்து அன்பாகச் சொன்னாள்.

"சுகந்திக்கா, ஊட்டுக்குப் போலாம் வா."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது. என் புடவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஊடு வேணாம் சீலி. ஊடு வேணாம். இங்கியே கீறேன். நல்லா கீறேன்" என்று அலறினாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. மணி அடித்த மாதிரி புரிந்தது.

அவளைக் காப்பகத்துக்குக் கொண்டுபோன அன்று அவள் பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தாள். அம்மா அழுதுகொண்டு நின்றாள். நான்தான் அவள் காதில், "அக்கா, ஊட்டுக்குப் போலாம் வா" என்றேன். உடனே ஏறிவிட்டாள். காப்பகத்தில் அவளை பெஞ்சில் உட்காரவைத்து, "இங்கியே இரு, ஊட்டுக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டு நாங்கள் பின்பக்கமாக வந்துவிட்டோம். அதோடு விட்டேனா? பார்க்கப் போகிற ஒவ்வொரு தடவையும், கிளம்பும்போது அவள் என் கையை விடவேண்டும் என்பதற்காக அதையேதான் சொன்னேன். "உள்ள போ அக்கா, நாளிக்கி ஊட்டுக்குப் போலாம்." அம்மாவும் அதையேதான் சொல்வாள். ஆறுதலாகச் சொல்வதாக எங்களுக்கு நினைப்பு. அந்த வார்த்தையைச் சொன்னவர்கள் எல்லாரும் அவளை விட்டுவிட்டுத்தான் போனார்கள். அவளுக்கு அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமே தெரியாது.

ஜெபத்துக்குப் பதில் வரும்போது மனசு லேசாகும் என்று சாட்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படி வரவில்லை. செவிட்டில் அறைந்த மாதிரி வந்தது. கடை வாசலில், எல்லாரும் பார்க்க, அக்கா பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அழுதேன்.

தேவகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இன்னாக்கா நீ! இத்தினி வருசமா பொய் சொல்லிக்கினு வந்துட்டு, இப்ப வந்து சொல்றியே! நானும் தெரியாம அதையே சொல்லி சுகந்திக்காவ கொன்னுக்கினு கீறேனே!" நல்லா திட்டினாள். எனக்கு அது வேண்டியிருந்தது. திட்டி முடித்ததும் அவளே வழியும் சொன்னாள். "சரி, அந்தப் பேச்சே இனிமே எடுக்கக் கூடாது. பசிக்குது, சாப்புடப் போலாமான்னு கேப்போம்." கேட்டாள். அக்கா கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து எழுந்தாள். நடந்தாள். உள்ளே போய்த் தன் தட்டை எடுத்துவைத்தாள்.

அன்றைக்குக் கிளம்பும்போது முதல் தடவையாக அவளிடம் நிஜத்தைச் சொன்னேன். நாம் யாரும் "போறேன்" என்று சொல்ல மாட்டோம், அபசகுனம் என்று வளர்ந்தவர்கள். நான் சொன்னேன். "அக்கா, நான் இப்ப போறேன். நீ தேவகியோட இரு. நாளிக்கி ஞாயிறு, சர்ச் முடிஞ்சதும் வரேன்." அழுதாள். அழட்டும் என்று நின்றேன். முன்னைப் போல நான் ஓடி வந்துவிடவில்லை. மறுநாள் சர்ச் முடிந்ததும் பைபிள் பையோடு நேரே அங்கே போனேன். அவள் கதவுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பத்து நாளில் காப்பகத்து ஆட்கள் வந்தார்கள். அவர்கள் கண் முன்னாலேயே அக்கா கடைக்குப் போய்த் திரும்பி வந்தாள். ஒரு தடவைகூட உட்காரவில்லை. அவளை அனுப்புகிற பேச்சு அதோடு நின்றது. தேவகி தன் குலசாமிக்குக் கற்பூரம் ஏற்றினாள், நான் முழங்கால் போட்டேன். அவளோடு நான் சண்டைக்குப் போகவில்லை.

என் பிள்ளைகளிடம் உட்கார்ந்து சொன்னேன். பெரியவள் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரியம்மாவிடம் மட்டும் போய்ப் பேசிவிட்டு வந்தாள். எனக்கு வேண்டியதுதான் என்று பொறுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டு முடிந்த பிறகும் கைதட்டிக்கொண்டிருப்பாளே, அவள்தான் சுகந்தி. உங்களுக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

கிறிஸ்துமஸ் அன்று அவளை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். புதுப் புடவை. பிரியாணியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். என் வீட்டுக்காரர் அவளுக்காகப் பாயும் தலையணையும் எடுத்துவைத்தார். மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம் என்று நான் ஆசைப்பட்டேன். அன்று சாயந்திரம் நாலு மணிக்கே எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இரு அக்கா, இங்க படுத்துக்கோ."

"மாட்டேன்."

"ஏன்? நான் இன்னா பண்ணேன்?"

என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "நாளிக்கி பாலு நாந்தான் வாங்கணும். நான் போகலைன்னா டீ இல்ல. தேவகி தேடும்."

இருபத்திரண்டு வருஷம் யாரும் தேடாமல் கிடந்தவள் அவள். அவளே சொல்கிறாள், என்னைத் தேடுவார்கள் என்று. நான் சமையல்கட்டுக்குப் போய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதேன். நான் கேட்ட ஜெபத்தை ஆண்டவர் தள்ளிவிட்டார். கேட்கத் தெரியாததைக் கொடுத்தார். அவருக்கே மகிமை.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது என்னைப் போல ஒருவரை எங்கோ விட்டுவிட்டு வந்து, பெயரைக்கூட வெளியே சொல்லாமல் இருக்கலாம். உங்களை நான் ஏச மாட்டேன், அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. ஆண்டவரிடம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள், அவர் வழி திறந்துவிடுவார். பிறகு போய்ப் பாருங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். சனிக்கிழமை எனக்கு லீவுதான். நான் கூட வருகிறேன்.