ஏசிக்குக் கட்டிய தார்ப்பாய்

போன குளிர்காலத்தில், இந்தப் பாலைவன நாட்டில், அப்பாசியாவில் உள்ள எங்கள் வீட்டில் கம்பி ஹீட்டர் மகளின் போர்வையைப் பொசுக்கிவிட்டது. இனி அதைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்து, ஏசியைச் சூடாக்கும் மோடில் போட்டேன். அதற்குக் கரண்ட்டும் குறைவாகத்தான் செலவாகும். ஆனால் அறை சூடாகவில்லை. சற்று நேரத்தில் ஏசியே நின்றுவிட்டது.

"ஏசியில யாராச்சும் குளிர் காய்வாங்களா? ஹீட்டரையே போடு" என்றார் கணவர்.

நான் விடவில்லை. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டைத்தான் அது உள்ளே கொண்டுவரும் என்று ஏசியை விற்றவர் சொன்னது நினைவுக்கு வந்தது. பால்கனிக்கு ஓடினேன். மணல் தூசி படியக்கூடாதென்று, ஏசியின் வெளி யூனிட்டைத் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டியிருந்தேன். காற்றே புகாத அந்த யூனிட் எரியாமல் தப்பியதே பெரிது.

தார்ப்பாயை அவிழ்த்துவிட்டு ஏசியைப் போட்டதும் அறை கதகதப்பானது. இந்தக் குளிர்காலத்தில் வெளி யூனிட் திறந்தே இருக்கிறது. தார்ப்பாயை ஹீட்டருக்குக் கட்டிவிட்டேன்.