ஜீப்பின் முன் சீட்டு

பிள்ளைகளுக்கு மனரீதியாகத் துணை நிற்பது எப்படி என்று ஆசிரியர்களுக்குச் சேலத்தில் பயிற்சி கொடுத்தபோது, மலையிலிருந்து இறங்கிப் போனவர்களில் நானும் ஒருத்தி. பிள்ளை பேசும்போது குறுக்கே பேசக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது, ஆபத்து இருந்தாலொழிய வெளியே சொல்லக்கூடாது. இதையெல்லாம் நடித்துக் காட்டச் சொன்னார்கள். நான் நடித்ததற்கு நல்ல கைதட்டல். அது என் தலைக்கேறியதை மறைத்து என்ன பயன்?

மஞ்சக்குட்டைப் பக்கமிருக்கும் எங்கள் பள்ளிக்குத் திரும்பியதும், நூலக அறையில் எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டேன். பேச விரும்புகிறவர்கள் மதியம் வரலாம் என்றேன். முதலில் யாரும் வரவில்லை. பிறகு எட்டாம் வகுப்பிலிருந்து ஒருத்தி வந்தாள். காப்பி எஸ்டேட்டில் பழம் பறிக்கிற குடும்பம். அவளுடைய அக்கா விரும்பியவனோடு சேலத்துக்குப் போய்விட்டாள். வீட்டில் அவள் பேச்சையே எடுக்கக்கூடாது என்று அப்பாவின் உத்தரவு. அதிலிருந்து இவளும் வகுப்பில் வாய் திறப்பதில்லை.

"பக்கத்து ஊட்டு போன்ல அக்காகிட்டப் பேசறேனுங்க டீச்சர். அக்கா மாசமா இருக்குதுங்க. எங்க ஊட்டுல யாருக்கும் தெரியாது. சொல்லீராதீங்க."

"சொல்லமாட்டேன் கண்ணு" என்றேன். அந்த வாரமே அவள் வகுப்பில் கைதூக்கிப் பதில் சொன்னாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

எங்கள் பக்கத்து ஷேர் ஜீப்பில் டீச்சர் என்றால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டுதான். வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். ஒரு சாயங்காலம் அவளுடைய அம்மா பின்னால் ஏறினார்.

"ஏனுங்க டீச்சர், சின்னவ நல்லாப் படிக்கறாளுங்களா?"

முகம் வாடிக் கிடந்தது. பெரியவளை நினைத்து உருகுகிறார் என்று எனக்குப் பட்டது. ஒரு நல்ல சேதி கேட்டால் தேறுவாரே என்ற இரக்கம்; எனக்குத் தெரியுமே என்ற பெருமையும் கொஞ்சம். மேட்டில் ஏறும்போது ஜீப் போட்ட சத்தத்துக்கு மேல், திரும்பி உரக்கச் சொன்னேன்.

"பெரியவ நல்லா இருக்காளாமுங்க. மாசமா இருக்காளாம். சின்னவகிட்டப் பேசிட்டுத்தான் இருக்கா."

அந்த அம்மாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அடுத்த கணம் பக்கத்தில் பார்த்தார். அங்கே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களில் அவருடைய கொழுந்தனாரும் ஒருவர். முன்னால் இருப்பவளுக்குப் பின்னால் யார் என்று எப்படித் தெரியும் என்று பிற்பாடு என்னையே சமாதானப்படுத்திப் பார்த்தேன். திரும்பித்தானே பேசினேன்?

கொழுந்தனார் வழியாகச் சேதி அன்றே வீட்டுக்குப் போய்விட்டது. அப்பா சின்னவளை அடிக்கவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போட்டார். அவர்கள் போன் தருவதை நிறுத்திவிட்டார்கள். அக்காவுக்குக் குழந்தை பிறந்ததா என்றுகூட அவளுக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டு என் போனை நீட்டினேன். "வேண்டாமுங்க டீச்சர்" என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

சென்ற மாதம் பயிற்சி கொடுத்தவர்கள் பள்ளியைப் பார்க்க வந்தார்கள். நாற்காலிகளைக் கண்டு அவர்களுக்குச் சந்தோஷம். இங்கே உட்கார்ந்து பேசியது யார் என்று கேட்க, பிள்ளைகள் அவளைக் காட்டினார்கள்.

"டீச்சரை நம்பி எதையும் சொல்லலாமா, கண்ணு?"

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள்.

"சொல்லலாமுங்க. யாருகிட்டயும் சொல்லமாட்டாங்க."

வந்தவர்கள் கைதட்டினார்கள். அவள் சொன்னது பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.