யாரும் கண்டுபிடிக்காத டப்பா

எங்கள் காலனியில் ஏழு குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் லெட்டர்பாக்ஸிங் விளையாடுகின்றன. ஒரு டப்பாவில் ரப்பர் முத்திரையும் சின்ன நோட்டும் வைத்து வெளியே எங்காவது ஒளித்துவிட்டு, துப்பை மட்டும் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். கண்டுபிடிப்பவர்கள் அந்த நோட்டில் தங்கள் சொந்த முத்திரையைப் பதித்து, டப்பாவின் முத்திரையைத் தங்கள் நோட்டில் குத்திக்கொள்வார்கள். போட்ட துப்பை மாற்றக் கூடாது. ஒரு மாதம் வரை யார் கையிலும் சிக்காத டப்பா ஆட்டத்திலிருந்து நீக்கப்படும்.

என் பேத்திக்கு ஒன்பது வயது. அழிரப்பரில் ஆமை முத்திரை செதுக்கி, டப்பாவைப் பாறைப் பூங்காவில் ஒளித்தாள். துணைக்குப் போன நான் துப்பை நானே எழுதுவதாக ஏற்றுக்கொண்டேன். அதுதான் வினை. ஹைதராபாத் காஞ்சன்பாக்கில், ஏவுகணை ஆய்வுக்கூடத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். எது எங்கே இருக்கிறது என்று காகிதத்தில் எழுதாமலிருப்பது எனக்குச் சுவாசம் மாதிரி. “ஒரு மரத்துக்கு அருகே, ஒரு பாறைக்கு அடியில்” என்று எழுதிப் போட்டேன்.

பூங்காவில் இடுப்பளவுக்கு மேற்பட்ட பாறைகளே நாற்பத்து மூன்று. மரங்களை எண்ணும்போது பாதியில் மழை வந்துவிட்டது.

“தாத்தா, இது க்ளூவா? எவரிக்கி தெலுஸ்துந்தி?” என்றாள் பேத்தி. யாருக்குத் தெரியும் என்பது நியாயமான கேள்விதான்.

மூன்று ஞாயிறு வீணாயிற்று. நான்காவதுதான் கடைசி. அன்று பதினெட்டுப் பேர் குனிந்து குனிந்து தேடினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“க்யா அங்கிள், ராக்கெட் ஒளிச்சு வெச்சீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். பேத்தி சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்தபடி வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்குப் பூங்காவை மூடிவிடுவார்கள். வாயைத் திறந்தால் ஆட்டம் செல்லாது.

அப்போது, அதுவரை பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த என் மனைவி எழுந்தாள். டப்பா இருக்கும் இடத்தை அவளிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. நேராக வேப்பமரத்துப் பக்கம் போய், சாய்ந்த பாறைக்கு அடியில் கையை விட்டு டப்பாவை எடுத்தாள்.

“எப்படி ஆண்ட்டி?” என்று வாய் பிளந்தார் பக்கத்து வீட்டுக்காரர்.

“எதைக் கேட்டாலும் வாயைத் திறக்காத மனுஷனோட குடும்பம் நடத்துறேன்பா. கண்ணைப் பார்த்துத்தான் எல்லாம் தெரிஞ்சுக்கணும். வந்ததிலேர்ந்து எல்லாப் பாறையையும் பார்த்தார், இதை மட்டும் பார்க்கவே இல்லை.”

“நக்கோ பாட்டி, வேணாம்! நீ நம்ம வீடு, செல்லாது!” என்று பேத்தி கத்தினாள். கண்ணில் நீர் முட்டியது.

“ஹவ், உங்க வீடுதான், ஆனா ஆண்ட்டிக்கும் இடம் தெரியாதில்ல? செல்லும்!” என்று பக்கத்து வீட்டுக்காரர் தீர்ப்புச் சொன்னார். பதினேழு தலைகள் ஆடின.

மனைவியிடம் முத்திரை இல்லை. கைப்பையிலிருந்த குங்குமத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்து, நோட்டின் முதல் பக்கத்தில் கட்டைவிரலை அழுத்தினாள். காவலாளி விசில் ஊதினார். மற்றவர்கள் முத்திரைகளோடு முண்டியடித்தார்கள். பேத்தி நோட்டை மார்போடு ஒட்டாமல் தூக்கிப் பிடித்து, ஒருவரையும் நெருங்கவிடாமல், அந்த ஈரச் சிவப்பை ஊதி ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.