புல்தைலமும் விழுங்கிய சொல்லும்

தகரக் குடுவை அது. கழுத்து குறுகலாக இருக்கும். மூடியைத் திருகினால் கீச்சென்று கத்தும். கத்தலுக்குப் பின்னாலேயே வாசனை வரும், எலுமிச்சைத் தோலைப் பச்சைப் புல்லோடு சேர்த்துக் கசக்கியதுபோல. மூக்கின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிற வாசனை. புல்தைலம் என்போம். பூசிக்கொண்டால் கொசு அண்டாது, புல் நுனியில் காத்திருக்கும் உண்ணி காலில் ஏறாது. கொல்லிமலையில் பாதைக்கு அளவெடுத்த வெள்ளைக்காரத் துரையின் முகாமில், காலையில் புறப்படும்போதும், வெயில் தாழ்ந்து ஓடைப் பக்கம் திரும்பும்போதும், துரையின் ஏவலாளான டவாலி அந்தக் குடுவையோடு வருவான். நீட்டிய உள்ளங்கையில் நாலு சொட்டு. கழுத்து, காது மடல், கணுக்கால். நாலு சொட்டுக்கு ஒரு மனிதனின் வாழ்க்கையில் என்ன இடம் இருந்துவிட முடியும் என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். எனக்கு இருபத்திரண்டு வயது. பள்ளிக்கூடத்து இங்கிலீஷை நாக்கில் வைத்துக்கொண்டு, துரைக்கும் மலைக்காரருக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிக் கொடுப்பது என் வேலை.

சங்கிலிக்காரர் மலைமேலிருக்கும் அரியூர் நாட்டு மனிதர். அளவைச் சங்கிலியின் முன்முனையைப் பிடித்து நடப்பவர். சுருண்டு கிடக்கும் சங்கிலியை அவர் ஒருமுறை உதறினால் நூறு கண்ணியும் மழைச் சத்தத்தோடு விரிந்து நேராகப் படுத்துக்கொள்ளும். வேறு யார் உதறினாலும் முடிச்சு விழும். அவருடைய தம்பி எங்களுக்கு முன்னால் போய்ப் புதருக்குள் கொடி பிடித்து நிற்பான். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. முகாம் போட்ட புதிதில் தைலம் துரைக்கும் எனக்கும் டவாலிக்கும் மட்டும்தான். சங்கிலிக்காரர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் என் எதிரில் வந்து, தொடையில் ஊறிக்கொண்டிருந்த உண்ணியைப் பிடுங்கி நகத்தில் வைத்துக் காட்டினார். “ஏனுங்க சாமி, இது ஆளு பாத்து ஏறுதுங்களா? எங்க காலும் காலுதானுங்களே. தொரைகிட்டச் சொல்லுங்க.” சொன்னேன். துரை சற்று ஆச்சரியப்பட்டு, கொடுக்கச் சொன்னார். அன்றிலிருந்து மலை ஆட்கள் ஆறு பேரும் வரிசையில் கை நீட்டினார்கள். தம்பிக்காரன் பூசிக்கொண்டே என்னிடம் சொல்லுவான்: “இந்த வாசத்தோட போனனுங்களா, ஊட்டுக்காரி கதவத் தொறக்கமாட்டேங்கறா. எவன்டா அது, எம்பட ஊட்டுக்காரன் வாசமே இல்லியேங்கறாளுங்க!”

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் கேட்டார்கள். கேட்டு வாங்கினார்கள். மலைக்காரருக்கு நொச்சி இலைப் புகை போதும் என்று சொல்பவர்களுக்கு, அன்றே சங்கிலிக்காரர் பதில் சொல்லிவிட்டார்: “பொகை ஊட்டுக்குள்ளார தாங்குமுங்க. நடந்து போற காலுக்கு எப்பிடிங்க பொகை போடறது?”

ஒரு நாள் அளவுக்கோடு தேன்பாறைக்கு அடியில் போக வேண்டியிருந்தது. பாறையின் நெற்றியில் முறம் முறமாக மலைத்தேனீக் கூடுகள். கீழே நின்றால் பாறையே முனகுவதுபோல் இருக்கும். அன்று காலை டவாலி குடுவையைச் சாய்த்தபோது சங்கிலிக்காரர் உள்ளங்கையை மடக்கிக்கொண்டார்.

“இன்னிக்கு வேண்டாமுங்க சாமி. தேன்பாறைக்கடியில போறோம். இந்த வாசத்துக்கு ஈ எறங்கீரும். நாளைக்குப் பூசிக்கறோமுங்க.”

தேனெடுக்கப் போகிற நாளில் அவர்கள் எண்ணெய் தொடமாட்டார்கள், பூ வைத்த பெண்ணின் பக்கத்தில்கூட நிற்கமாட்டார்கள். அந்த வழக்கம்தான். ஆறு கைகளும் மடங்கின. என்னையும் அவர் விடவில்லை. “நீங்களும் ஓடையில கழுவீட்டு வாங்க. கொட்டுச்சுன்னா மூஞ்சி பூசணிக்காயாட்டம் ஆயிருமுங்க.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே போய்க் கழுவினேன். ஆகவே, காரணம் எனக்குத் தெரியாது என்று எந்தச் சாமி முன்னாலும் நான் சொல்ல முடியாது.

கழுவிவிட்டு வந்தபோது துரை கூடார வாசலில் நின்றார். அன்று அவர் வரைபடத்தோடு முகாமிலேயே இருக்கப்போகிறவர். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். தேனீக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியும். பாறைக்குத் தெரியும். வாசனைக்கு ஈ இறங்கும் என்பதை எப்படிக் கோப்பது என்பதில் நாக்கு இடறியது. இடறினால் துரையின் புருவம் மேலே போகும். அந்தப் புருவத்துக்குப் பயந்து, “அவர்களுக்கு வேண்டாமாம்” என்று முடித்துக்கொண்டேன். காரணத்தை விழுங்கினேன். கூடவே ‘இன்னிக்கு’ என்ற சொல்லையும் விழுங்கினேன். துரை தலையசைத்துத் தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். சுருக்கமாகப் பேசுகிறாய், நல்லது என்றார். அன்று முழுவதும் அந்தப் பாராட்டைப் பதக்கம்போல நெஞ்சில் குத்திக்கொண்டு மலையில் திரிந்தேன்.

மறுநாள் ஆறு கைகளும் நீண்டன. டவாலி தாண்டிப் போனான். இனி இவர்களுக்கு வேண்டாமென்று துரை உத்தரவு என்றான். சங்கிலிக்காரர் நீட்டிய கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். “நேத்து வேண்டாமுன்னதுக்குத் தொரைக்குக் கோவமுங்களா?” நான், நாளைக்கு வரும் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். துரையிடம் போய், நான் சொன்னது அரைகுறை என்று சொல்ல எத்தனை நேரம் பிடித்திருக்கும்? ஒரு வெற்றிலை மெல்லும் நேரம். அதற்குள் என் இங்கிலீஷின் மானம் போய்விடுமே! கழுத்தில் தைலம் மினுமினுக்க, அவர்களுக்குப் பின்னால் நடந்தேன். முன்னால் போன கால்களில் ரத்தப் பொட்டுகள் இருந்தன. சில நாளில் அவர்கள் கை நீட்டுவதையே விட்டுவிட்டார்கள். வரிசை தானாகக் கலைந்து போயிற்று. துரை அதைப் பார்த்து, பார்த்தாயா, இவர்கள் உடம்பு பழகிவிட்டது, கொசு இவர்களை ஒன்றும் செய்யாது என்றார். எழுதியது சரி என்பதற்கு அவருக்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது.

கொசுவுக்கு அந்த நோட்டைப் படிக்கத் தெரியவில்லை. ஆறு பேரில் நான்கு பேர் குளிர்காய்ச்சலில் விழுந்தார்கள். தம்பிக்காரனுக்கு மூன்றாம் நாளே நினைவு தப்பியது. மூங்கில் டோலியில் அவனை ஊருக்குத் தூக்கிப் போனார்கள். காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை முகாமில் இருந்தது, கொடுத்தும் விட்டோம். உடம்பு அதை ஏற்கிற நிலையைத் தாண்டியிருந்தது. போன வழியில் அவன் திரும்பி வரவில்லை.

தைலம் பூசியிருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். பூசியிருந்த எனக்கும் பிறகு காய்ச்சல் வந்தது, தைலம் கவசமல்ல. இரவில் அவன் தூங்கிய குடிசைக்கு நாங்கள் வலை கொடுத்ததும் இல்லை. ஆனால் கடிக்கிற இடத்துக்கு ஒருவனை வேலைக்கு அனுப்புகிறவன், கடியைக் குறைக்கிற பொருளைத் தன் கழுத்தில் மட்டும் பூசிக்கொண்டு நடக்கக் கூடாது. இதற்கு டாக்டர் தேவையில்லை. இது சோறு போடுகிற பந்தியில் ஓர் இலையைத் தாண்டிப் போவதுபோன்ற அசிங்கம்.

தம்பியின் காரியம் முடிந்து சங்கிலிக்காரர் வேலைக்குத் திரும்பிய காலையில், அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம். அவர் சங்கிலியை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்: “ஏனுங்க சாமி, இங்கிலீசுல இன்னிக்குங்கற சொல்லு இல்லீங்களா?”

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

இருக்கிறது. நேரே துரையிடம் போனேன். இடறி இடறி, புருவம் எங்கே போனாலும் போகட்டும் என்று முழுவதையும் சொன்னேன். அவர் எரிச்சலோடு கேட்டுவிட்டு, சரி, கொடு, ஆனால் வாங்கமாட்டார்கள் என்றார். குடுவையை நானே எடுத்துப் போனேன். துரையும் வேடிக்கை பார்க்கப் பின்னால் வந்தார். சங்கிலிக்காரர் முன்னால் மூடியைத் திருகினேன்.

“வேண்டாமுங்க” என்றார்.

“இன்னிக்கு மட்டுமா?” என்று கெஞ்சினேன்.

“இன்னிக்குன்னு நான் சொல்லலீங்களே சாமி.” சங்கிலியை உதறினார். அது நேராகப் படுத்தது. முன்முனையைப் பிடித்துக்கொண்டு முழங்காலளவு புல்லுக்குள் இறங்கிவிட்டார். மற்றவர்களும் அவர் பின்னால் போனார்கள். துரை என் தோளுக்குப் பின்னாலிருந்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். அதே சொற்களைத்தான் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த முறை ஓர் எழுத்துக்கூட விடாமல் மொழிபெயர்த்தேன். நான்தானே சொன்னேன் என்று துரை சிரித்தார்.

இப்போது, இத்தனை வருஷம் கழித்து, யுத்த காலம். பர்மாக் காட்டுக்குப் போகிற சிப்பாய்களுக்குப் பூச்சித் தைலம் பெட்டி பெட்டியாகப் போகிறதாம். போகட்டும், அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகள். சென்ற மாதம் மலையடிவாரத்தில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மரம் வெட்ட மேலே போகும் ஆட்களுக்கும் தைலம் கொடுப்பதா வேண்டாமா என்று யோசனை. அங்கே ஒரு படித்த மனிதர் எழுந்து, அவர்களுக்கு அது பிடிக்காது, பாதை அளவெடுத்த பழைய காகிதத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்று அடித்துப் பேசினார். அந்தக் காகிதம் யார் வாயிலிருந்து புறப்பட்டது என்று எனக்குத் தெரியும். எழுந்தேன். தேன்பாறை, மடங்கிய கைகள், விழுங்கிய சொல், டோலி, எதையும் மறைக்காமல், என் வெட்கத்தையெல்லாம் அவர்கள் மேஜை மேல் கொட்டினேன். அந்த மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

“எல்லாஞ் சரிங்க. கடைசியில அந்த ஆளு வேண்டாம்னுதானுங்களே சொன்னாரு?”