குரோட்டன்ஸ் இலை

இலையைக் கட்டிக்கொண்டு ஆடியதற்காக நான் வெட்கப்படவில்லை. எட்டு வயதில் யார் எதைக் கட்டிவிட்டாலும் ஆடலாம். நான் வெட்கப்படுவது வேறொன்றுக்கு. ஐந்தாவதோடு பள்ளியை விட்டுவிட்டுத் திருப்பூர், குடகு, கொல்லம் என்று பிழைப்புக்குச் சுற்றிய எல்லா ஊரிலும் அது கூடவே வந்தது.

கரியாலூர் பக்கத்து எங்கள் மலையூரிலிருந்து ஒரு வேன் நிறையக் கடலோரத்துப் பழைய பேராலயத்துக்குத் திருயாத்திரை போனோம். அங்கே நடக்கும் கலை விழாவில் எங்கள் மலை ஆட்டத்தை ஆடவும் கூப்பிட்டிருந்தார்கள். மேளம் என் தாய்மாமா. அவருக்கு ஆட்டத்தைவிட மாதா முக்கியம். அத்தைக்கு முந்தின இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இப்போது மூன்றாவது வயிற்றில், நாலு மாதம். மாதா முன்னால் நிற்பதற்கென்றே கள்ளக்குறிச்சியில் ஒரு வெள்ளைச் சட்டை எடுத்து, சொம்பில் நெருப்புப் போட்டுத் தேய்த்திருந்தார். கசங்கிவிடும் என்று வேனில் வழி முழுக்கச் சாயாமலே உட்கார்ந்து வந்தார்.

"இன்னாப்பா, பொண்ணு பாக்கவா போற?" என்று வேனே சிரித்தது.

மேடைக்குப் பின்னால் எங்களுக்காகக் குரோட்டன்ஸ் இலைகளைக் கோத்து வைத்திருந்தார் விழாப் பொறுப்பாளர். அந்தச் செடியை நான் ஆஸ்பத்திரி வாசல் தொட்டியில்தான் பார்த்திருந்தேன். மற்ற ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டார்கள். மாமா கழற்றவில்லை.

"சட்ட போட்டுக்கினு மேடையேறினா மலைக்காரங்கன்னு யாருங்க நம்புவாங்க?" என்றார் பொறுப்பாளர்.

"மலையில நாங்க சட்டதாங்க போட்டுக்கினு இருக்கறோம்."

இரண்டு பேர் சிரித்தார்கள். பொறுப்பாளர் சிரிக்கவில்லை. அடுத்த குழுவைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார். மாமா மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இடுப்பிலும் தலையிலும் இலையோடு நின்ற எனக்கு அழுகை முட்டியது.

"எல்லாம் உன்னாலதான் மாமா கெட்டுப்போவுது. பெரிய தொர! கழட்டேன்!" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

மாமா என்னையே பார்த்தார். பிறகு மேளத்தை இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். அவர் மார்பிலும் முதுகிலும் சிவப்புப் பெயிண்டால் புள்ளி வைத்தார்கள். அன்றைக்கு நன்றாகத்தான் அடித்தார். கைதட்டலும் நன்றாகத்தான் விழுந்தது.

ஆட்டம் முடிந்து எல்லாரும் கோயிலுக்குள் போனோம். மாமா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். குழாயடியில் கழுவப்போய்ப் பெயிண்ட் உடம்பெல்லாம் இழுகியிருந்தது. சட்டை மடித்தபடி மடியில் இருந்தது.

"இத்தப் போட்டா பாழாப்பூடும். வெறும் உடம்போட எப்படி உள்ள போறது?" என்று சொல்லி என் கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்தார். "அத்தைக்குன்னு சொல்லி ஏத்திட்டு வா பாப்பா."

அவ்வளவு உயரமான கூரையை நான் பார்த்ததே இல்லை. அண்ணாந்துகொண்டே போய் மெழுகுவர்த்தியை ஏற்றினேன். அடுத்த வருஷமும் என்னை மேடையில் ஏற்று மாதாவே என்று வேண்டிக்கொண்டேன்.

"சொன்னியா பாப்பா?" என்றார் மாமா, நான் வெளியே வந்ததும்.

"சொன்னேன் மாமா."

திரும்பும்போது தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து வந்தார். இப்போதாவது மாமா வசதியாக வருகிறாரே என்று நினைத்தேன்.