தணல் வைத்த அறை

போரில் யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெய்க்கே தடையிருந்த காலம். உரும்பிராயில் என் பிள்ளை பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மார்கழிக் குளிரென்று மாமியார் தணற்சட்டியை அறைக்குள் வைத்து, யன்னலையும் கதவையும் சாத்தினார்.

"புகை இல்லாத தணல்தானே பிள்ளை, ஒண்டும் செய்யாது."

சற்று நேரத்தில் தலை இடித்தது. எழும்பவோ கத்தவோ முடியவில்லை; புகையில்லாத தணலும் மூடிய அறையில் காற்றை நஞ்சாக்கும் என்று அப்போது தெரியாது.

பிள்ளைப்பேற்றுத் துணிகளை வெளுக்க எடுக்கவந்த, சாதியால் வாசலோடு நிறுத்தப்படும் செல்லம்மா, கூப்பிட்டும் பதிலில்லாததால் கதவைத் தள்ளித் திறந்தார். பிள்ளையை முற்றத்துக்குத் தூக்கிப்போய், பிறகு என்னையும் இழுத்துவந்தார். துவண்டிருந்த பிள்ளை காற்றுப்பட்டதும் அழுதது.

மாமியார் ஓடிவந்தார்.

"நீ எங்கடை வீட்டுக்குள்ளை வாறதோ? பிள்ளையை ஏன் தொட்டனீ?"

செல்லம்மா துணிகளைக் கட்டினார். அவர் நின்ற இடமெல்லாம் தீட்டென்று மாமியார் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். பிள்ளையைக் குளிப்பாட்டவும் கை நீட்டினார்.

"தொடாதேங்கோ மாமி" என்றேன்.

நாங்கள் செத்திருந்தால் மாமியார் இவ்வளவு பதறியிருப்பாரோ தெரியாது. இப்போதும் மஞ்சள் தண்ணீர் மணந்தால் எழும்பிப்போய் யன்னலைத் திறப்பேன்.