சும்மா உட்கார்ந்திருப்பவர் வேஷம்

கோல்மன் ப்ரெஹனி முந்நூறு யூரோ கடன்பட்டிருந்தார். கவுன்சலிங் செய்கிற டிம்ப்னாவுக்கு ஐந்து தடவை போனதற்கான கட்டணம். அயர்லாந்தில் ரோஸ்காமன் வட்டாரத்தில் மாட்டு வியாபாரத்தில் அவரைப் போல் கை சுத்தமான ஆள் கிடையாது. யாருக்கும் சல்லிக் காசு நிறுத்தி வைத்ததில்லை. இதை மட்டும் அவர் கடன் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. ஏமாற்று வியாபாரத்துக்கு எவன் பணம் கொடுப்பான் என்பது அவர் வாதம்.

பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். கையெழுத்துப் போடுவார், பத்திரிகையில் சந்தை விலை படிப்பார், அவ்வளவுதான் படிப்பு. ஆனால் இன்றைக்கு இரண்டு லாரி, நூற்றுச் சொச்சம் ஏக்கர், ஓடு வேய்ந்த பெரிய வீடு. ஒரு காளைக்கன்று லாரியிலிருந்து இறங்கும்போதே அதன் எடையைச் சொல்லிவிடுவார், தராசு பிறகு அதையே சொல்லும். "எனக்கு எவனும் கத்துக்கொடுக்கல. மாட்டு முதுகைத் தடவித் தடவி நானே கத்துக்கிட்டேன்" என்பதை மதுக்கடையில் அவர் சொல்லாத வாரம் இல்லை. விலை படிந்து கையடித்த பிறகு விற்றவன் வாங்கியவனுக்குக் கொஞ்சம் திருப்பித் தருகிற ராசிக் காசை வாங்காமல் அவர் சந்தையை விட்டு நகர்ந்ததும் இல்லை. கொடுக்காதவனிடம் மறுபடி மாடு பிடிக்க மாட்டார்.

ராத்திரியில்தான் தொல்லை. "தூக்கத்துல கத்துறீங்க. யாரோ கதவைத் திறக்கிற மாதிரி எழுந்து உக்காந்துக்கறீங்க. எழுபது வயசுல எனக்கு இது தேவையா?" என்றாள் மனைவி நோரீன். அவள் நச்சரிப்புத் தாங்காமல்தான் டிம்ப்னாவிடம் போனார். மருந்துக் கடைக்கு மேலே ஒரு அறை, இரண்டு நாற்காலி. டிம்ப்னாவின் அப்பாவிடம் அவர் நிறைய மாடு வாங்கியிருக்கிறார். ஆகவே முதல் நான்கு தடவையும் மாட்டைப் பற்றியே பேசினார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஐந்தாவது தடவை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மாடு பார்க்க யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

அவர் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"சும்மா உக்காந்திருக்க அறுபது யூரோவா? என் வீட்டு நாய் ஓசியிலேயே உக்காருது, அம்மா."

அந்த நாய்க் கதையை மதுக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எந்த அறையில் எதற்காக உட்கார்ந்தோம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

குளிர்காலம் வந்ததும் ஊர் நாடகக் குழு கூடியது. முப்பது வருஷமாகக் கோல்மன்தான் அதில் பெரிய வேஷம். கல்யாணத் தரகர், குடிகாரன், பிஷப் எல்லாம் போட்டாயிற்று. இயக்குகிறவள் முடி திருத்தும் கடை வைத்திருக்கும் பெர்னி. இந்த வருஷம் அவளே ஒரு நாடகம் எழுதியிருந்தாள். சின்ன வயதில் மாமன்காரன் வைக்கோல் கொட்டகையில் கெடுத்துவிட்ட ஒருவன், நடுவயதில் கவுன்சலிங்குக்கு வருகிறான். மேடையில் இரண்டே பேர். கெடுக்கப்பட்டவனாகத் தபால்காரன் டோனல். உட்கார்ந்து கேட்கிற ஆலோசகராகக் கோல்மன்.

கதையைக் கேட்டதும் அவருக்கு எழுந்து போய்விடத் தோன்றியது. போனால் ஏன் என்று கேட்பார்கள்.

"எனக்கு எத்தனை வசனம்?"

"கை விரல்ல எண்ணிடலாம்."

"அதுக்கு எதுக்கு நான்? ஒரு மூட்டை தீவனத்தை நாற்காலியில வை."

"பெரியவரே, நீங்க முக்கால் மணி நேரம் வாயை மூடிட்டு இருக்கறதைப் பார்க்க ஊரே டிக்கெட் வாங்கும்!" என்றாள் பெர்னி. எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

ஒத்திகையில் அவரால் இருக்க முடியவில்லை. இருமினார். தொப்பியைத் திருப்பினார். டோனல் கொட்டகைக் கதவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இவர் இல்லாத வசனத்தைப் போட்டார்.

"என்ன பெருசு, என் பொழப்புல மண்ணள்ளிப் போடறீங்க" என்றான் டோனல். "என்னைப் பாருங்க, போதும். நீங்க அந்தப் பக்கம் திரும்பினா எனக்கு நாக்கு ஒட்டிக்குது."

அது நிஜம்தான். இவர் பார்த்தால் அவன் பேச்சு வந்தது. கண்ணை எடுத்தால் நின்றது. பசு கன்று போடும்போது இரண்டு பேர் கயிற்றை இழுப்பார்கள், ஒருவன் சும்மா பசுவின் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவன் விட்டால் எல்லாம் போயிற்று. கோல்மனுக்கு அது தெரியும். ஆனாலும் ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் நாள் முழுக்க மாடு ஏற்றி இறக்கியவர் மாதிரி கை கால் கழன்று போயிற்று. லாரியில் ஏறி, சாவியைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் கிடப்பார்.

"வெறுமனே உக்காந்தே களைச்சுட்டேன்டி" என்றார் நோரீனிடம். அவள் டீயை ஊற்றினாள்.

மார்ச் மாதம் நாடகப் போட்டி. பக்கத்து ஊர் அரங்கு, நாற்காலி காலி இல்லை. கோல்மன் உட்கார்ந்தார், டோனலைப் பார்த்தார், கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவருடைய முக்கியமான வசனம் வந்தது. "அந்த ஆளோட பேர் என்ன?" அவ்வளவுதான். வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. பக்கத் திரைக்குள் பெர்னி தலையில் கை வைத்துக்கொண்டாள். வெகு நேரம் கழித்து, யாரையோ கெஞ்சுவது போல அந்த வசனம் வந்தது. டோனல் மாமனின் பேரைச் சொன்னான். விளக்கு அணைந்தது.

வழக்கப்படி நடுவர் மேடையேறி எல்லார் முன்னாலும் தீர்ப்புச் சொன்னார். டோனலை ஆகா ஓகோ என்றார். "ஆலோசகராக வந்தவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. பாவம், சும்மா உட்கார்ந்திருந்தார்" என்றார். சபை சிரித்தது.

"பெருசு, அந்த நடுவருக்கு நீங்க பதிலடி கொடுக்காம விட்டுட்டீங்களே!" என்றான் டோனல், திரைக்குப் பின்னால்.

"களைப்பா இருக்குடா, விடு" என்றார். நாய்க் கதை நினைவுக்கு வந்தது. இந்த முறை சிரிப்பு வரவில்லை.

அடுத்த சந்தை நாளில் மாடு விற்ற பணத்தோடு மருந்துக் கடைப் படியேறினார். டிம்ப்னா கதவைத் திறந்தாள்.

"முந்நூறு தரணும் நான்."

"ஆமா, தரணும்."

"பேரம் உண்டா?"

"கிடையாது."

"சரி, இன்னிக்கும் சேர்த்து முந்நூத்தறுபது." உட்கார்ந்து தொப்பியை முழங்காலில் வைத்தார். அவள் எதிரே உட்கார்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை எவ்வளவு பாடு என்று இப்போது அவருக்குத் தெரியும். அவளை ரொம்ப நேரம் பிடித்து வைக்கக்கூடாது என்று பட்டது.

"மார்ட்டின் கில்டே" என்றார். "மாட்டுத் தரகன். பள்ளிக்கூடத்தை விட்டதும் அவன்கூடத்தான் போனேன். சந்தைக்கு முந்தின ராத்திரி விடுதியில தங்குவோம். ஒரே கட்டில்." நிறுத்தினார். அவள் கண்ணை எடுக்கவில்லை. "பல்லைப் பார்க்க, முதுகைத் தடவ, விலை சொல்ல, எல்லாம் கத்துக்கொடுத்தவனும் அவன்தான். அப்ப நான் சம்பாதிச்சதெல்லாம் யாரோடது, சொல்லு?"

"தெரியல" என்றாள் அவள். "ஆனா அந்தக் கேள்வியோட நீங்க தனியா இருக்க வேணாம். அடுத்த வாரமும் வாங்க."

நேரம் முடிந்ததும் அவர் பணத்தை எண்ணிக் கொடுத்தார். டிம்ப்னா வாங்கிக்கொண்டு, அதிலிருந்து இரண்டு தாளை உருவினாள்.

"கையை நீட்டுங்க. எங்க அப்பா ராசிக் காசு தராம உங்களை அனுப்பினதே இல்ல."

மாட்டு முதுகைத் தடவித் தடவிக் காய்த்துப்போன அந்தக் கையை அவர் விரித்தார். அவள் ஒரு ஐந்து யூரோவை வைத்தாள். அதன்மேல் இன்னொன்றையும் வைத்தாள்.